பல பயன் கட்டிடமும் தீக்காப்பும்

கீழே கடை, மேலே குடியிருப்பு. முன்னே வகுப்பறை, பின்னே சமையற்கூடம். இவ்வாறு ஒரே கூரையின்கீழ்ப் பல தொழில் நடைபெறும் கட்டிடங்களைக் கடைத்தெரு உள்ள எவ்வூரிலும் காணலாம். அவற்றுள் நீரும் மின்சாரமும் காற்றும் செல்லும் வழிகளை வகுப்பது பொறியியலாளர் கடமை. அவ்வழிகளே தீக்கும் வழியாகாமற் காக்குமாறு யாது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் நிகழ்ந்ததை நாம் மறத்தலாகாது. அங்கே ஒரே கட்டிடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளும் மதிய உணவு சமைக்கும் இடமும் இருந்தன. சமையலிடத்தில் எழுந்த தீ ஓலைக் கூரையைப் பற்றி, மேல்மாடி வகுப்பின் கூரைக்கும் தாவியது. இறங்கும் படிக்கட்டோ ஒடுக்கமானது. 94 குழந்தைகள் மாண்டனர். அடுப்பும் வகுப்பும் ஓரிடத்தில் இருந்தமை மட்டும் இதற்குக் காரணமன்று. இரண்டிற்கும் இடையே தீயைத் தடுப்பது ஒன்றும் இல்லாமையே பெருங்காரணம் என்க.

ஆதலின் முதல் விதி பிரிவினை. வெவ்வேறு பயன்களுக்கு இடையேயுள்ள சுவரும் தளமும் குறித்த நேரம்வரை தீயைத் தாங்குவனவாதல் வேண்டும். ஆயினும் குழாய்க்கும் மின்கம்பிக்கும் துளையிட்டபின் அத்துளையைத் தீத்தாங்கும் பொருளால் அடையாது விட்டால், சுவர் எத்துணைத் தடிப்பாயினும் பயனில்லை. தீயினும் விரைவாகப் புகை அத்துளைவழி மேலேறும். தீவிபத்துகளிற் பலரைக் கொல்வது புகையே.

இரண்டாவது விதி எச்சரிக்கை. இரவிற் கடை பூட்டப்பட்டிருக்கும். மேலே மக்கள் உறங்குவர். கீழே தோன்றும் தீயைக் காண்பார் இலர். ஆகவே கடையில் அமைந்த புகையறி கருவியின் மணி மேல்மாடியில் ஒலித்தல் வேண்டும். தீ கடக்கலாகாத எல்லையை எச்சரிக்கை கடந்தேயாக வேண்டும் என்பதே இவ்வகைக் கட்டிடத்தின் தனி இலக்கணம். குடியிருப்போர் இறங்கும் படிக்கட்டும் கடைக்குள் முடியாமல், நேரே வெளியில் முடிதல் வேண்டும்.

மூன்றாவது நீர். தானியங்கி நீர்த்தெளிப்பானின் கண்ணாடிக் குமிழ் பெரும்பாலும் 68 பாகை செல்சியசில் வெடித்து நீரைத் திறந்துவிடும். தொட்டி வறண்டிருப்பின் அது வெடித்தும் வீணே. வீட்டுப் பாவனைக்கும் தீயணைப்புக்கும் ஒரே தொட்டியாயின், வீட்டுக் குழாயைத் தொட்டியின் நடுவிலும் தீயணைப்புக் குழாயை அடியிலும் பொருத்துக. நாள்தோறும் எடுப்பவர் எவ்வளவு எடுப்பினும் கீழ்ப்பாதி எஞ்சும். விபத்தில் மின்சாரம் துண்டிக்கப்படும் ஆதலால், நீரேற்றும் யந்திரத்திற்கும் படிக்கட்டு விளக்கிற்கும் வேறு மின்வழி தேவை.

இனி வாகரையை நோக்குவோம். இவ்வூர் கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்டது. மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே நெடுந்தொலைவு. நகரத்துத் தீயணைப்பு வண்டி வந்து சேருமுன், முதல் நாழிகையைக் கட்டிடமே தாங்கவேண்டும். உப்புக்காற்று இரும்புக் குழாயையும் திறப்புவாயையும் அரிக்கும். ஆண்டுக்கணக்காய்த் திருப்பாத திறப்புவாய் வேண்டியபோது திரும்பாது. மாதம் ஒருமுறை திருப்பிப் பார்த்தல் எளிய காப்பு. கிடுகு வேய்ந்த சமையற் கொட்டிலை மாடிச் சுவரோடு சார்த்தாது விலக்கிக் கட்டுதலும், சமையல் வாயு உருளையைக் காற்றோட்டமுள்ள வெளியிடத்தில் நிறுத்துதலும் பெருஞ்செலவு வேண்டாதவை. அவ்வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தாழ்ந்த இடத்தில் தேங்கும்.

நம் கல்லூரி மாணாக்கருட் சிலர் நாளை கட்டிடம் வகுப்பர். பழைய மாணவர் பலர் இன்றே கட்டுவிப்போர். வரைபடம் கைக்கு வரும்போது, முகப்பின் அழகை நோக்குமுன் ஒன்றை வினவுக: கீழே தீ எழுந்தால், மேலே உறங்கும் குழந்தை எவ்வழியால் வெளியேறும்? விடை கிடைத்தபின் கையொப்பமிடுக.