பாம்பு கடித்தால்…

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடிக்குப் பலியானவர்கள் சுமார் 12 லட்சம் பேர். வீடு வீடாகப் போய் மரணத்தின் காரணத்தை விசாரித்த 'பத்து லட்சம் மரணங்கள் ஆய்வு' அடிப்படையிலான மதிப்பீடு இது. பாதிச் சாவுகள் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை மாதங்களில், வயல்வேலை மும்முரமாக நடக்கும்போது. அதைவிட மனதைப் பிசைவது, பெரும்பாலோர் வீட்டிலேயே இறந்தார்கள் என்பது. மருந்து இருந்தும் ஆள் போய்ச் சேரவில்லை.

செய்ய வேண்டியவை

• 108-ஐ அழையுங்கள். வண்டி வரத் தாமதமானால் கிடைத்த வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அங்கே விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று வழியிலேயே போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

• மோதிரம், மெட்டி, கொலுசு, வளையல் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற வராது.

• கடிபட்ட கை, காலை அசைக்காமல் ஒரு பலகையோ குச்சியோ வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். ஆளை நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள்.

• கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

• தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து, இமை தூக்க முடியாமல், எச்சில் விழுங்கச் சிரமப்பட்டால், கடிவாய் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கட்டுவிரியன் ஆள் தூங்கும்போதுதான் அதிகம் கடிக்கும். பெரும்பாலும் வலியும் இருக்காது, தடமும் தெரியாது. சாதாரண வயிற்றுவலி என்று சோடா குடிக்க வைத்துப் படுக்கப் போடும் அந்த ஒரு மணி நேரத்தில் மூச்சுத் தசைகள் செயலிழந்துவிடலாம். கொசுவலையை மெத்தைக்கடியில் செருகிப் படுப்பது இதற்கு நல்ல காப்பு.

செய்யக்கூடாதவை

• கயிறோ துணியோ கொண்டு இறுக்கிக் கட்டக்கூடாது. ரத்த ஓட்டம் நின்று கையே அழுகிப்போகலாம். ஏற்கெனவே கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்கவும் கூடாது. தேங்கிய விஷம் ஒரேயடியாகப் பரவும். டாக்டர் பார்த்து அவிழ்க்கட்டும்.

• கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, ஐஸ் வைக்கக்கூடாது, சாராயம் கொடுக்கக்கூடாது.

• மந்திரிக்கவும் பச்சிலைக்கும் அலையக்கூடாது. 'அவர் கைராசி, பிழைத்தார்கள்' என்பதில் பொய்யில்லை. விஷமில்லாத பாம்பு கடித்தவர்களும், விஷம் இறங்காத கடி பெற்றவர்களும் எங்கே போயிருந்தாலும் பிழைத்திருப்பார்கள். கண்ணாடி விரியன் கடித்து விஷம் இறங்கியவர் அந்த வாய்ப்பை நம்ப முடியாது.

• டாக்டரிடம் காட்டவென்று பாம்பைத் தேடி அடிக்கப் போகக்கூடாது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான்.

• 'குழந்தைக்கு இவ்வளவு மருந்தா' என்று டாக்டரைத் தடுக்கக்கூடாது. பாம்பு பெரியவருக்கும் சின்னவருக்கும் ஒரே அளவு விஷத்தைத்தான் இறக்குகிறது. மருந்தும் அதே அளவுதான்.

• ஒன்றும் ஆகவில்லை என்று சீக்கிரமே வீட்டுக்குக் கூட்டிவரக்கூடாது. கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று சாய்த்துப் பார்ப்பார்கள். முதல் முறை உறைந்தாலும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். 24 மணி நேரம் வார்டில் இருக்கட்டும்.