மிதித்தும் கார் இழுக்குதில்லையா? சென்சரை மாற்ற முன்னம் இதைப் படியுங்கள்



மார்கழி மாதம், விடியப்புறம் ஐந்தரை மணி. வெளியில் கும்மிருட்டு, மழைத்தூறல் வேறு. ஆறு மணி வேலைக்குப் போகிறீர்கள். சின்ன வீதியிலிருந்து பெரிய வீதிக்கு ஏறவேணும். தூரத்தில் ஒரு லொறியின் வெளிச்சம் தெரியுது. போகலாம் என்று நினைத்து எக்சிலேற்றரை மிதிக்கிறீர்கள். கார் ஒரு கணம் முக்கிக்கொண்டு நிற்குது, பிறகு திடீரென்று பாயுது.

80 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனுக்கு 22 மீற்றர் ஓடிவிடும். உங்கட கார் இரண்டு செக்கன் தயங்கினால் அந்த லொறி 44 மீற்றர் கிட்ட வந்துவிடும். மோட்டோர்வாயில் 130 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர் செக்கனுக்கு 36 மீற்றர் வருவார். ஆகவே இதை "பழைய கார் அப்பிடித்தான்" என்று விட்டுவிடக் கூடாது.

1983க்குப் பிறகு டென்மார்க் வந்த எங்கட சனத்தில் அதிகமான ஆக்கள் யூலண்டின் சிறு நகரங்களில்தான் குடியமர்ந்தார்கள். அங்கே அதிகாலை வேலைக்கு பஸ்ஸை நம்பேலாது. இங்கே காருக்குப் பதிவுவரியும் பெரிய வரி. அதனால் பலர் பழைய காரைத்தான் வைத்து ஓடுகினம். பழைய காரில் இந்தத் தயக்கம் அடிக்கடி வரும் வருத்தம். அதைவிடப் பெரிய வருத்தம், காரணத்தைக் கண்டுபிடிக்காமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிக் காசை முடிக்கிறது.

எஞ்சினுக்குள் என்ன நடக்குது?

பெற்றோல் காரில் நீங்கள் எக்சிலேற்றரை மிதிக்கும்போது நேரே பெற்றோலை ஊற்றுவதில்லை. எஞ்சினுக்குக் காற்றுப் போகும் குழாயில் ஒரு வட்டமான கதவு இருக்கு. டேனிஷில் இதை 'காஸ்ஸ்பியெல்' என்பார்கள். மிதிக்க மிதிக்க அது திறக்கும். அது எவ்வளவு திறந்திருக்கு என்று காரின் கொம்பியூற்றருக்குச் சொல்வதுதான் இந்தச் சென்சரின் வேலை. கொம்பியூற்றர் அதையும் மற்றச் சென்சர்கள் சொல்வதையும் பார்த்துத்தான் எவ்வளவு பெற்றோல் தெளிக்கிறது என்று முடிவெடுக்கும்.

பழைய வகைச் சென்சர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகாணி போன்றது. 5 வோல்ற் உள்ளே போகும். கதவு மூடியிருந்தால் ஏறக்குறைய அரை வோல்ற், முழுதாகத் திறந்தால் ஏறக்குறைய நாலரை வோல்ற் வெளியே வரும். நாங்கள் அதிகம் பாவிப்பது மெதுவாக மிதிக்கும் இடத்தைத்தான். அதனால் அந்த இடம்தான் முதலில் தேயும். தேய்ந்த இடத்தில் வோல்ற் திடீரென்று விழும். கொம்பியூற்றர் நீங்கள் காலை எடுத்துவிட்டீர்கள் என்று நினைக்கும். அதுதான் அந்தத் தயக்கம்.

புதிய கார்களில் காலுக்கும் கதவுக்கும் இடையில் கம்பி இல்லை. மிதிக்கும் இடத்தில் இரண்டு சென்சர், கதவிலும் இரண்டு சென்சர் இருக்கும். இரண்டும் ஒரே கதையைச் சொல்லாவிட்டால் கொம்பியூற்றர் நம்பாது. மஞ்சள் விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்துப் பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும்.

முதலில் ஒரு கிழமை கவனித்து எழுதுங்கள்

காரில் ஒரு கொப்பியை வையுங்கள். ஓட்டம் முடிந்து காரை நிறுத்திய பிறகு எழுதுங்கள். கராஜுக்கு இந்தக் குறிப்பு மிகவும் உதவும்.

1. எப்பவும் ஒரே இடத்தில், மெதுவாக மிதிக்கும்போது மட்டும் தயங்குதா? சென்சர் அல்லது அழுக்குப் பிடித்த காற்றுக் கதவு என்று சந்தேகப்படலாம்.

2. ஈரமான காலையில், மேட்டில் ஏறும்போது உதறுதா? பிளக் அல்லது கொயில். எஞ்சின் விளக்கு மினுங்கினால் உடனே வேகத்தைக் குறையுங்கள். எரியாத பெற்றோல் போய் கற்றலைசரை எரித்துவிடும். அது விலை கூடின சாமான்.

3. நகரத்துக்குள் பிரச்சினை இல்லை, மோட்டோர்வாயில் தொடர்ந்து மிதிக்க இழுவை குறையுதா? பெற்றோல் பில்ரர் அல்லது பம்ப்.

4. நிற்கும்போதும் எஞ்சின் ஏறி இறங்கி ஓடுதா, 'உஸ்' என்று சத்தம் கேட்குதா? எங்கேயோ காற்று ஒழுகுது. ரப்பர் குழாய்களைப் பாருங்கள்.

5. எஞ்சின் சத்தம் ஏறுது, கார் மட்டும் வேகம் எடுக்குதில்லையா? அது எஞ்சின் குறை இல்லை. கிளச் அல்லது கியர்ப்பெட்டி வழுக்குது.

6. டீசல் காரா? அதில் தேர்போ குழாய் வெடித்திருக்கலாம், புகைபோக்கியின் பில்ரர் அடைத்திருக்கலாம். குறுந்தூரம் மட்டும் ஓடும் டீசல் கார்களுக்கு இந்த அடைப்பு அடிக்கடி வரும்.

கோட் என்ன சொல்லுது, என்ன சொல்லவில்லை?

ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001 முதலும், டீசல் கார்களுக்கு 2004 முதலும் குறைகளைக் கொம்பியூற்றரில் வாசிக்கும் பொதுவான வசதி கட்டாயமானது. பெரும்பாலும் சுக்கானுக்குக் கீழே அந்தச் சொக்கற் இருக்கும். கைத்தொலைபேசியோடு வேலைசெய்யும் சின்னக் கருவிகள் மலிவாக வாங்கலாம்.

பி0121, பி0122, பி0123 ஆகியவை கதவுச் சென்சரின் சுற்றைப் பற்றியவை. பி2135 கதவில் உள்ள இரண்டு சென்சரும் ஒத்துப்போகவில்லை என்று சொல்லும். பி2138 மிதிக்கும் இடத்துச் சென்சர்களைப் பற்றி அதையே சொல்லும். பி0171 என்றால் காற்றுக் கூட, பெற்றோல் குறைவு. பி0300 முதல் பி0304 வரை எரிதல் தவறுது என்று அர்த்தம்.

இதில் முக்கியமான பாடம் ஒன்று இருக்கு. கோட் சொல்வது 'இந்தப் பாகத்தை மாற்று' என்று இல்லை. 'இந்தப் பக்கம் ஏதோ பிழை' என்றுதான் சொல்லுது. பி0122 என்றால் வோல்ற் குறைவு. சென்சர் பழுதாயும் இருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், பிளக்கில் தண்ணீர் போய்ப் பச்சை பிடித்தும் இருக்கலாம். குளிர்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு இந்தப் பிளக்குகளுக்குச் சத்துரு.

இதைக் கவனிக்காவிட்டால் என்ன நடக்கும்? பி0121, பி0171 இரண்டும் சேர்ந்து வந்த ஒரு காரை நினைத்துப் பாருங்கள். முதல் கோட்டை மட்டும் பார்த்துச் சென்சரை மாற்றினால் காசு போகும், தயக்கம் போகாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வெடித்த ரப்பர் குழாய் ஒன்றைத் தேடத் தோன்றும். கோட்டை அழிக்க முன்னம் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

சென்சரைச் சோதிப்பது எப்படி?

ஓரளவு கைவேலை தெரிந்தவர்களுக்கு மட்டும்:

1. எஞ்சினைப் போடாமல் திறப்பை மட்டும் திருப்புங்கள். வாசிக்கும் கருவியில் கதவு திறக்கும் அளவைப் பாருங்கள், அல்லது சென்சரின் மூன்று வயர்களில் சமிக்ஞை வரும் வயரில் வோல்ற் அளவுங்கள்.

2. எக்சிலேற்றரை மிக மெதுவாக, பத்துச் செக்கன் எடுத்து மிதியுங்கள். அளவு படிப்படியாக ஏறவேணும். நடுவில் விழுந்தால், குதித்தால் அங்கேதான் தேய்வு.

3. சாதாரண மல்ரிமீற்றர் வேகமான குதிப்பைக் காட்டாமல் விடலாம். வரைபடமாகக் காட்டும் கருவி நல்லது.

4. அளவு சரியாக ஏறினால் சென்சரை விடுங்கள். பிளக்கையும் வயரையும் அசைத்துப் பாருங்கள்.

5. கதவு கறுப்பாக அழுக்குப் பிடித்திருந்தால் அதற்கென்று விற்கும் திரவத்தால் துடைக்கலாம். துடைக்க முன்னம் திறப்பைக் கழற்றி எடுங்கள். மோட்டர் கதவை டக்கென்று மூடினால் விரல் நசியும்.

துடைத்த பிறகோ மாற்றிய பிறகோ பல கார்களுக்குக் கதவின் நிலையைக் கொம்பியூற்றருக்குத் திரும்பப் பழக்கவேணும். சில கார்களில் சென்சரைத் தனியாக வாங்கேலாது, முழுக் கதவையும்தான் மாற்றவேணும். ஆகவே விலையைக் கேட்ட பிறகு 'ஓம்' சொல்லுங்கள்.

கராஜில் என்ன சொல்லலாம்?

மொழி தடுமாறினால் வெட்கப்படாதீர்கள். இந்த வசனங்களைப் பாடமாக்குங்கள்.

"பீலன் தோவர், நோ யாய் அக்சலரேயர்" (மிதிக்கும்போது கார் தயங்குது).

"வா ஏர் ஃபைல்கோதன்?" (கோட் என்ன?).

"யாய் வில் கேர்ன ஹ எத் ஸ்க்றிஃப்ட்லித் டில்புத் ஃபோர்ஸ்ட்" (முதலில் எழுத்தில் விலை தாருங்கள்).

"மோ யாய் ஃபோ தி கம்ல தேல மெத்?" (பழைய பாகங்களைத் தருவீர்களா?).

சூனில் போன கிழமைதான் பாஸ் ஆனது என்று நம்பியிருக்கவும் வேண்டாம். சாதாரண காருக்கு முதற்தரம் 4 வருடத்தில், பிறகு 2 வருடத்துக்கு ஒருக்கா சூன் நடக்கும். அங்கே பார்ப்பது பிறேக், விளக்கு, ரயர், துரு, புகை போன்றவை. மிதிக்கும்போது ஏன் தயங்குது என்று தேடுவது அவர்களின் வேலை இல்லை.

அண்மையில் வாங்கிய காரா?

கார் விற்கும் கடையில் வாங்கியிருந்தால், வாங்கும்போதே இருந்த குறைக்கு 2 வருடம் முறையிட உங்களுக்குச் சட்ட உரிமை இருக்கு. 2022 முதல், முதல் 12 மாதத்துக்குள் தெரியவரும் குறை பொதுவாக ஆரம்பத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். பழைய காருக்குச் சாதாரண தேய்வு இருக்கும் என்பதையும் சட்டம் பார்க்கும். 'பார்த்தபடி விற்றது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் கடைக்காரர் இந்த உரிமையைப் பறிக்கேலாது.

குறை தெரிந்து 2 மாதத்துக்குள் கடைக்கு எழுத்தில் அறிவியுங்கள். வேறு கராஜில் திருத்தி முடித்துவிட்டுப் பற்றுச்சீட்டோடு போகாதீர்கள். திருத்தித் தரும் சந்தர்ப்பத்தை முதலில் விற்றவருக்குக் கொடுக்கவேணும், இல்லாவிட்டால் காசு கிடைக்காமல் போகலாம். சரிவராவிட்டால் 'ஆங்கனெவ்ன் ஃபோர் பீலர்' என்ற முறைப்பாட்டுச் சபை இருக்கு. தனியாளிடம் வாங்கியவர்களுக்குப் பாதுகாப்பு மிகக் குறைவு. ஆகவே வாங்க முன்னமே ஓடிப் பாருங்கள், மெதுவாக மிதித்தும் முழுதாக மிதித்தும் பாருங்கள்.

வீதியில் இழுவை போய்விட்டால்

பயப்படாமல் அவசர விளக்கைப் போடுங்கள். காரை ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். மோட்டோர்வாயில் என்றால் எல்லாரும் வலப்பக்கத்தால் இறங்கி, இரும்பு வேலிக்கு அப்பால் நில்லுங்கள். முக்கோணத்தை மோட்டோர்வாயில் குறைந்தது 100 மீற்றர், மற்ற வீதிகளில் 50 மீற்றர் பின்னால் வைக்கவேணும். ஆபத்தென்றால் 112.

திருத்தும்வரை வேறு வாகனங்களை முந்தப் போகாதீர்கள். பெரிய வீதிக்கு ஏறும்போது வழமையைவிட இரட்டிப்பு இடைவெளி பாருங்கள். வேலைக்கு ஐந்து நிமிடம் பிந்தினால் மன்னிப்புக் கேட்கலாம். வீட்டில் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பினம், பத்திரமாகப் போய் வாருங்கள்.