கையில் இருக்கும் கோல்

பி.காம். படித்துவிட்டு சிப்காட்டில் சிஎன்சி மெஷின் ஓட்டும் பிள்ளைகள் நம் ஜமாஅத்தில் பலர். “இதில் வந்து மாட்டிக்கொண்டேன்” என்று அவர்கள் சொல்லும்போது வீட்டில் எல்லோருக்கும் மனம் கனக்கிறது.

நபி மூஸா (அலை) அவர்கள் அரண்மனையில் வளர்ந்தவர்கள். ஆடு மேய்ப்பது அவர்கள் நினைத்திருந்த தொழில் அல்ல. உயிருக்கு அஞ்சி மத்யன் வந்த இடத்தில், எட்டு ஆண்டு வேலை, விரும்பினால் பத்து என்று ஒப்புக்கொண்டார்கள் (அல்குர்ஆன் 28:27). கூடுதல் தவணையையே நிறைவேற்றினார்கள் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு. பின்னர், கையில் என்ன என்று அல்லாஹ் கேட்டபோது, ஆடுகளுக்கு இலை உதிர்க்கும் கோல் என்றார்கள் (20:17,18). அந்த மேய்ச்சல் கோலுடன்தான் ஃபிர்அவ்ன் முன்னே போய் நின்றார்கள்.

நம் காலத்தில், பக்கத்து பெங்களூரிலேயே ஒன்று நடந்தது. விமானியாக ஆசைப்பட்ட அப்துல் கலாம் தேர்வில் ஒன்பதாவது; எடுத்ததோ எட்டுப் பேரை. பெங்களூரில் அவரிடம் ஒப்படைத்தது ஹோவர்கிராஃப்ட் செய்யும் வேலை. ‘நந்தி’ என்ற அந்த ஊர்தி ஓடியது, ஆனாலும் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அதைப் பார்க்க வந்த விஞ்ஞானி எம்.ஜி.கே. மேனன் வழியாகத்தான் ராக்கெட் வேலைக்கு அழைப்பு வந்தது. 1980 ஜூலை 18 அன்று ரோகிணியை விண்ணில் நிறுத்திய எஸ்.எல்.வி-3க்கு அவரே திட்ட இயக்குநர்.

தம்பிமார்களே, பட்டனை அழுத்துவதோடு நிற்காமல் ப்ரோகிராமும் டூல் செட்டிங்கும் சீனியர்களிடம் கேட்டுப் பழகுங்கள். பெற்றோரும் சம்பந்தம் பேசும் இடத்தில், “ஏதோ கம்பெனியில் இருக்கிறான்” என்று இழுக்காமல், பையன் செய்யும் வேலையைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.