பழைய செம்பு நாணயத்தின் மதிப்பு

பழைமை மிகுந்த நாணயம் மதிப்பும் மிகுந்தது என்பது பொதுவான எண்ணம். இது சரியன்று. குஷாண மன்னர் கனிஷ்கர் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வெளியிட்ட செம்பு நாணயங்கள் வட இந்தியாவில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. ஆதலின் அவற்றுள் பெரும்பாலானவை மலிவாகவே விற்கப்படுகின்றன. ஆயின் அதே மன்னர் புத்தர் உருவம் பொறித்து வெளியிட்டவை அரியவை. சேகரிப்போர் அவற்றைப் பெருவிலை கொடுத்து வாங்குவர்.

எனவே மதிப்பை நிர்ணயிப்பவற்றுள் முதன்மையானவை மூன்று: அவ்வகை நாணயம் எவ்வளவு எஞ்சியுள்ளது, அதனை விரும்புவோர் எத்தனை பேர், அதன் நிலை எத்தகையது என்பன. மூன்றாவது மட்டுமே நம் கையில் உள்ளது. கனிஷ்கர் நாணயத்தின் பின்புறத்து உருவம் எவருடையது என்பதை அருகிலுள்ள கிரேக்க வரிவடிவ எழுத்துக்கள் உணர்த்தும். புளியும் சாம்பலும் இட்டுத் தேய்ப்பின் களிம்புடன் அவ்வெழுத்துக்களும் தேய்ந்துபோம். பின்னர் அரியது எது, எளியது எது எனப் பிரித்தறிதல் கடினம்.

ஆகவே மாணவரோ கிராமத்தாரோ பழைய நாணயம் கொண்டுவந்தால், தேய்க்கலாகாது என எடுத்துரைக்க வேண்டும். கிடைத்த இடத்தைக் குறித்து, நாணயத்தை ஈரமற்ற தாளுறையில் இட்டு வைத்தல் நன்று. மண்ணில் கிடைத்த புதையலின் மதிப்பு ரூ.10-க்கு மேற்படின் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் விதி.