லயத்து வீட்டில் எது எங்கே இருக்க வேண்டும்?



"இருக்கிறதே ரெண்டு அறை, ஒரு ஹால், ஒரு குசினி. இதுல வேலைக்கு ஓரிடம், படிப்புக்கு ஓரிடம், தூக்கத்துக்கு ஓரிடம்னு ஒதுக்க நாங்க என்ன துரை பங்களாவிலா குடியிருக்கோம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயினும் இடத்தை ஒதுக்கிப் புழங்க வேண்டிய அவசியம் சின்ன வீட்டுக்காரர்களுக்கே அதிகம். பங்களாவில் மருந்து வாடை அடிக்கும் சட்டைக்கும் குழந்தையின் தொட்டிலுக்கும் நடுவே நாலு சுவர் இருக்கும். நம் வீட்டில் நாலு அடி இருந்தால் பெரிது. அந்த நாலு அடியை எப்படிக் காப்பாற்றுவது என்பதே இம்மாதச் சங்கதி.

வீட்டை முன்வாசலிலிருந்து பார்ப்பது வழக்கம். நாம் பின்வாசலில் தொடங்குவோம். வேலை முடிந்து திரும்புகிறவர் உடம்போடும் துணியோடும் பூட்ஸோடும் பலவும் வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. ஆகவே வேலைச் சாமானுக்கென்று பின்வாசலருகே, கூரை நிழலில், ஓரிடம் வேண்டும். சுவரில் நாலு ஆணி, ஒரு பலகை, ஒரு தனி வாளி போதும். வேலைத் துணி அந்த ஆணியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. பால்வெட்டுக் கத்தியும் செம்பனை அரிவாளும் உறை போட்டு, பிள்ளையின் கை எட்டாத உயரத்தில் தொங்க வேண்டும். பூட்ஸைக் கவிழ்த்து வைக்கவும். காலையில் போடுமுன் ஒரு தட்டுத் தட்டவும். பூரானுக்கும் தேளுக்கும் பூட்ஸ் மெத்தப் பிடிக்கும்.

மருந்தடிக்கும் வேலை செய்கிறவர் வீட்டில் இது இரட்டிப்பு முக்கியம். களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் வாய் வழியாகத்தான் உள்ளே போகும் என்று பலர் நினைக்கிறார்கள். தோல் வழியாகவும் போகும். நனைந்த சட்டையோடு வந்து ஹாலில் உட்கார்ந்து, ஓடிவரும் பிள்ளையை மடியில் தூக்கி வைத்துக்கொள்கிறோமே, அங்கேதான் ஆபத்து. அப்பா மேல் பிள்ளைக்கு ஆசை. அதை யார் தடுப்பது? பிள்ளையைத் தடுக்க வேண்டாம், அப்பா நேரே பின்வாசலுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி, சவுக்காரம் போட்டுக் குளித்துவிட்டு வரட்டும். பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தூக்கிக் கொஞ்சலாம். வெற்றிலை போடுவதும் சிகரெட் பற்றவைப்பதும் கை கழுவிய பிறகுதான்.

அந்தத் துணியைத் துவைக்கிற அக்காமார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளின் துணியோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள். தனி வாளியில் முதலில் நல்ல தண்ணீரில் அலசி, பிறகு சவுக்காரம் போட்டுத் துவைத்து, வெயிலில் தனியாகக் காயப்போடுங்கள். வாஷிங் மெஷின் இருந்தாலும் இந்தத் துணிக்குத் தனிச் சுற்று. கையுறை போட்டுக்கொள்வது நலம். அலசிய தண்ணீரைக் கிணற்றடியிலோ ஆற்றிலோ கொட்டக் கூடாது. அன்றன்றைக்கே துவைக்க வேண்டும்; நாலு நாள் சேர்த்து வைத்தால் நாலு நாள் மருந்தும் சேர்ந்தே இருக்கும்.

மருந்தை வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது. கொல்லையில் புல் அடிக்கக் கொஞ்சம் என்று காலிப் பானப் போத்தலில் ஊற்றி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தாகத்தோடு விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்கு எழுத்துத் தெரியலாம், வாசனை தெரியாது. அது பார்ப்பது போத்தலைத்தான். பராகுவாட் என்ற களைக்கொல்லி நம் தோட்டங்களில் பல்லாண்டு அடிக்கப்பட்டது. ஒரு வாய் உள்ளே போனாலே உயிரைக் குடிக்கக் கூடியது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் அது தடை செய்யப்பட்டது. தடை வந்துவிட்டது என்பதற்காகக் கொல்லைக் கொட்டகையில் மிச்சம் கிடக்கும் பழைய போத்தல் தானாகக் காணாமல் போய்விடாது. இன்றைக்கே போய்ப் பாருங்கள். இருந்தால் சாக்கடையில் ஊற்றாமல், எரிக்காமல், தோட்ட ஆபீசில் ஒப்படையுங்கள். மருந்து வந்த தோம்பைக் கழுவித் தண்ணீர் பிடிக்க வைத்துக்கொள்வதும் வேண்டாம். எத்தனை தரம் கழுவினாலும் அது மருந்துத் தோம்புதான்.

யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளைக்கும் இதே விதி. வாந்தி வரும்போது அது நுரையீரலுக்குள் போய்விடும். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் என்று பாட்டி வைத்தியம் பார்க்கும் நேரமல்ல அது. 999க்கு அழைத்துவிட்டு, போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டருக்கு வழி தெரியும். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நச்சு மையம் டாக்டர்களுக்கு இது பற்றி ஆலோசனை சொல்கிறது.

அடுத்தது குசினி. விறகடுப்பு இன்னும் எரிகிற வீடுகளில் அடுப்புக்கு மேலோ எதிரிலோ புகை போக வழி வேண்டும்; கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊதக் கூடாது. பெரும்பாலோர் கேஸுக்கு மாறிவிட்டோம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது; கசிந்தால் மேலே போகாது, தரையோடு தங்கும். ஆகையால் சிலிண்டரை மூலையில் சாமான்களுக்கு நடுவே அடைத்து வைக்காமல், நிமிர்த்தி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வாடை வந்தால் லைட்டுச் சுவிட்சைத் தொடாமல், சிலிண்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறக்க வேண்டும். சட்டியின் கைப்பிடி சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கட்டும். அரிசி, மாவு, பருப்பு எல்லாம் மூடியுள்ள டின்னில். எலி வந்தால் அரிசி மட்டும் போகாது. அதன் சிறுநீர் பட்ட தண்ணீரும் உணவும் எலிக் காய்ச்சலைக் கொண்டுவரும். காலில் வெட்டுக்காயத்தோடு சேற்றில் நிற்கிறவர்களுக்கு இது கூடுதல் ஆபத்து.

தண்ணீர் பிடித்து வைக்கும் இடம் எதுவோ அதுவே டிங்கிக் கொசுவின் இடம். முட்டை ஒரு வாரம் பத்து நாளில் பறக்கும் கொசுவாகிவிடும். எனவே வாரம் ஒரு நாள், நமக்குத் தோதாக ஞாயிற்றுக்கிழமை, தொட்டியையும் தோம்பையும் காலி செய்ய வேண்டும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடிருக்கும். தேங்காய் நார் கொண்டு அழுத்தித் தேய்க்கவும். பூச்சட்டித் தட்டு, சாமி படத்துக்கு முன்னிருக்கும் சொம்பு, குளிர்பெட்டியின் பின்புறத் தட்டு இவற்றையும் பாருங்கள். சாமி சொம்பு என்று கொசு ஒதுங்கிப் போவதில்லை.

இனி படுக்கும் இடம். பால்வெட்டுக்குப் போகிறவர் விடியுமுன் எழ வேண்டும். பெரட்டுக்கு நேரமாகும். அவருக்கு இரவு ஒன்பதரைக்கு மேல் விழித்திருக்க முடியாது. ஹாலில் தொலைக்காட்சி பதினொரு மணி வரை அலறும். இதனால் பெரியவருக்கும் தூக்கம் இல்லை, பிள்ளைக்கும் தூக்கம் இல்லை. தொலைக்காட்சியும் படுக்கையும் ஒரே அறையில் இருக்க வேண்டாம். ஒரே அறைதான் என்றால் ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சி நிற்க வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கைத்தொலைபேசியும் அப்படியே, படுக்கைக்கு வெளியே.

படுக்கும் அறையின் ஜன்னலை "பனி வரும்" என்று அட்டை வைத்து அடைத்துவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. கொசுவுக்குப் பயந்தால் வலை அடியுங்கள், காற்றை அடைக்காதீர்கள். காசநோய் காற்று வழியாகப் பரவும் நோய். வீட்டில் இருமுகிற தாத்தாவுக்குத் தட்டு வேறு, மங்கு வேறு என்று ஒதுக்கி அவர் மனத்தை நோகடிக்கிறோம். ஆனால் இரவில் பேரப்பிள்ளையை அவர் பக்கத்திலேயே அடைத்த அறையில் படுக்க வைக்கிறோம். தட்டினால் காசநோய் தொற்றாது; அடைத்த அறைக் காற்றினால் தொற்றும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் கிளினிக்குக்கு அழைத்துப் போய்ச் சளியைப் பரிசோதியுங்கள். மருந்து தொடங்கினால் குணமாகும் நோய் அது. அதுவரை தாத்தாவின் படுக்கை ஜன்னலோரம் இருக்கட்டும். தட்டு எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கலாம்.

பிள்ளை படிக்கும் இடத்துக்கு ஒரு மேசை வேண்டும். மேசை இல்லையென்றால் கவிழ்த்த பெட்டியும் போதும். ஆனால் அது அதன் இடமாக இருக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் புத்தகத்தைத் தூக்கு, விருந்தாளி வந்தால் தூக்கு, துணி மடிக்கத் தூக்கு என்றால் அந்தப் பிள்ளை எப்போதுதான் உட்காரும்? வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் கையின் நிழல் எழுத்தின் மேல் விழும். பகலில் அஞ்சடியே நல்ல இடம். அஞ்சடியில் சைக்கிளும் மோட்டாரும் பழைய மெத்தையும் அடைந்து கிடந்தால், வீட்டிலேயே நல்ல வெளிச்சமுள்ள இடத்தை இரும்புக்குக் கொடுத்துவிட்டோம் என்று பொருள்.

முதியவர் நடமாடும் வழியில் சாமான் கிடக்கக் கூடாது. கக்கூசுக்குப் போகும் வழியில் இரவு முழுவதும் ஒரு சின்ன விளக்கு. இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகள் சாமி மாடத்தில் வேண்டாம். பிள்ளைகள் எட்டாத, பூட்டக்கூடிய பெட்டியில்.

இவ்வளவும் நம் கையில் உள்ளவை. கூரை ஒழுகுவது, சாக்கடை அடைப்பு, குழாயில் தண்ணீர் வராதது ஆகியன நம் கையில் இல்லை. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் பற்றிய குறைந்தபட்சத் தரச் சட்டம் அவற்றை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. குழாய்த் தண்ணீர், மின்சாரம், கட்டடத்தைப் பழுது பார்ப்பது எல்லாம் அதில் அடங்கும். அதே சட்டம் அனுமதியின்றி வீட்டை இழுத்துக் கட்டுவதையும் ஏற்பதில்லை. ஆகவே வேலைச் சாமானுக்குக் கொல்லையில் கொட்டகை போட விரும்புகிறவர்கள் முதலில் ஆபீசில் எழுதிக் கேளுங்கள். வாய் வார்த்தையாகக் கிராணியிடம் சொன்னது காற்றோடு போகும். தேதி போட்டு இரண்டு பிரதி எழுதி, ஒன்றை ஆபீசில் கொடுத்து, மற்றொன்றில் கையெழுத்து வாங்கிக் கிளைச் செயலாளரிடம் கொடுத்து வையுங்கள்.