மோதிரத்துக்கு ஆக்கவுரிமை கிடைக்குமா?

விரலில் அணிந்தால் இதயத்துடிப்பை அளக்கும் மோதிரத்தை நாமும் செய்தால் ஆக்கவுரிமை கிடைக்குமா என்று மாணவியொருவர் என்னிடம் கேட்டார்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மூன்று தகுதிகளைக் கேட்கிறது: உலகில் எங்கும் வெளிவராத புதுமை, துறை அறிந்தவருக்கும் எளிதில் தோன்றாத புத்தாக்கப் படிமுறை, கைத்தொழிலில் பயன்படும் தன்மை. உடலில் நோயைக் கண்டறியும் முறைக்கு ஆக்கவுரிமை இல்லை. அம்முறைக்குப் பயன்படும் கருவிக்கு உண்டு. எனவே மோதிரத்துக்கு இடமுண்டு.

ஆனால், இருப்பதைப் பார்த்துச் செய்வது போதாது. தனது மோதிரக் கட்டமைப்பின் ஆக்கவுரிமையை மீறியதாக, பின்லாந்தின் ஊரா நிறுவனம் பெங்களூரின் அல்ட்ராஹியூமன் நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்காவில் முறையிட்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கச் சர்வதேச வர்த்தக ஆணைக்குழு ஊராவுக்குச் சார்பாக முடிவெடுத்து, மீறிய மோதிரங்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது.

நாம் எங்கே தேடுவது? பேசாலையிலும் தலைமன்னாரிலும் வலை இழுக்கும் கைகளைப் பாருங்கள். உப்புநீரில் நனைந்த விரலிலும் பிழையின்றி அளக்க வேண்டும்; வலையில் சிக்கினால் விரலைக் காயப்படுத்தாமல் கழல வேண்டும். இதற்கு நீங்கள் காணும் தீர்வே புத்தாக்கமாகலாம்.

கண்டுபிடித்தால், கண்காட்சியில் வைக்குமுன் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கு விண்ணப்பியுங்கள். ஆக்கவுரிமை கிடைத்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் அது உங்களுடையது.