சோழப் பேரரசின் எல்லையில் மொனராகலை: ஐந்து நம்பிக்கைகளும் உண்மைகளும்

பதுளையிலோ மொனராகலையிலோ சோழர் பேச்சு எழுந்தால் இரண்டு கதைகள் மோதிக்கொள்ளும். இலங்கை முழுவதும் புலிக்கொடி பறந்தது என்று தமிழ்ப் பிள்ளைகள் சொல்வார்கள். அந்நியர் கால் வைக்க முடியாத வீர மண் ருகுணு என்று சிங்களப் பிள்ளைகள் சொல்வார்கள். இரண்டு கதைகளுமே ஊவா மாகாணத்தின் உண்மையான வரலாற்றை மறைக்கின்றன. மகாவலிக்குத் தெற்கேயும் கிழக்கேயும் பரந்திருந்த பழைய உரோகண (ருகுணு) நாட்டுக்குள்தான் இன்றைய பதுளை, மொனராகலை மாவட்டங்கள் இருந்தன. 11ஆம் நூற்றாண்டில் தஞ்சைப் பேரரசின் தெற்கு எல்லை இந்த நாட்டின் வாசலில் வந்து நின்றது. அங்கே நடந்ததை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: சோழர் இலங்கை முழுவதையும் ஆண்டார்கள்.

உண்மை: சோழர் நிலையாக ஆண்டது இராசரட்டையை, அதாவது வடக்கு, வடமத்திய சமவெளியையும் கிழக்குக் கரையின் ஒரு பகுதியையும்தான். முதலாம் இராசராசனின் படை 993ஆம் ஆண்டளவில் அநுராதபுரத்தை வீழ்த்தியது. பிடித்த நிலத்துக்கு மும்முடிச் சோழமண்டலம் என்று பெயரிட்டார்கள். பொலன்னறுவை சனநாதமங்கலம் ஆனது. மாதோட்டம் இராசராசபுரம் ஆனது. இந்த மண்டலத்து ஊர்களின் வருவாயில் ஒரு பங்கு தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் எழுதிவைக்கப்பட்டது.

ஆட்சி எங்கே வேர் விட்டது என்பதைக் கல்வெட்டுகள் காட்டிவிடுகின்றன. பொலன்னறுவையில் வானவன்மாதேவி ஈச்சரம், மாதோட்டத்துக் கோயில்கள், பதவியா, திருகோணமலைக்கு அருகே இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற வெல்கம் விகாரை. சோழர் எழுத்து கிடைக்கும் இடங்கள் இப்படித்தான் அமைகின்றன. கோயிலுக்கு நிலம் கொடுத்து, வரி வாங்கி, கல்லில் பதிந்து வைத்த அந்த நிர்வாகத்தின் தடம் மொனராகலை மாவட்டத்துப் புத்தலையிலும் வெல்லவாயவிலும் இல்லை.

அநுராதபுரத்தை விட்டுப் பொலன்னறுவையைத் தலைநகராக்கியதற்கும் உரோகணமே முக்கிய காரணம். மகாவலியின் துறைகளைக் காவல் காத்து, தெற்கிலிருந்து வரும் படையைத் தடுக்க ஏற்ற இடம் அதுதான். தலைநகரையே எல்லைக்கு அருகில் கொண்டுவந்து வைக்கும் அளவுக்கு இந்த நாடு சோழருக்குத் தலைவலியாக இருந்தது.

நம்பிக்கை 2: உரோகணத்துக்குள் சோழர் நுழையவே முடியவில்லை.

உண்மை: நுழைந்தார்கள், பலமுறை. நிலைத்து நிற்கத்தான் முடியவில்லை.

இதில் ஒரு மணிமுடியின் கதை இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகச் சோழனிடம் தோற்ற பாண்டிய மன்னன் இராசசிம்மன் இலங்கைக்கு ஓடிவந்தான். தன் குலத்து முடியையும் ஆபரணங்களையும் இங்கே ஒப்படைத்துவிட்டுச் சேர நாட்டுக்குப் போனான். அதைக் கேட்டுச் சோழன் படை அனுப்பியபோது, அப்போதைய மன்னன் நான்காம் உதயன் முடியை எடுத்துக்கொண்டு உரோகணத்துக்குப் போய்விட்டான். உள்ளே செல்ல வழி கிடைக்காமல் சோழப்படை திரும்பியதாக இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் எழுதுகிறது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1017ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரனின் படை உரோகணத்துக்குள் வந்து மன்னன் ஐந்தாம் மகிந்தனையே சிறைபிடித்தது. அரசனின் முடியும் அரசியரின் முடிகளும் பாண்டியன் விட்டுப்போன முடியும் சோழநாட்டுக்குப் போயின. இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி இதைப் பெருமையோடு பதிவுசெய்கிறது. மகிந்தன் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்து அங்கேயே இறந்தான்.

அவன் மகன் காசியப்பனை உரோகணத்து மக்கள் மறைத்து வளர்த்தார்கள். சிறுவனைப் பிடிக்க வந்த சோழப்படை ஆறு மாதப் போருக்குப் பின் பின்வாங்கியது. அந்தப் படையில் 95,000 பேர் என்று சூளவம்சம் சொல்கிறது. பழைய வரலாற்று நூல்கள் படைக்கணக்கைப் பெருக்கிச் சொல்வது வழக்கம் என்பதை மறக்காமல் இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

நிலைக்க முடியாமல் போனதற்கு வீரம் மட்டும் காரணமல்ல. இராசரட்டையில் பெரிய குளங்கள், அடர்ந்த நெல்வயல், மாதோட்டம், திருகோணமலை போன்ற துறைமுகங்கள் எல்லாம் ஒரே பேரரசுக் கையில் அடங்கக்கூடியவை. உரோகணத்திலோ மாணிக்க கங்கை, கிரிந்தி ஓயா, கும்புக்கன் ஓயா என்று தனித்தனி ஆற்றுப் படுகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தலைவன். ஒருவனை வென்றால் அடுத்தவன் எழுவான். மேற்கே மலை, கிழக்கே காடு; தோற்றவன் ஒதுங்க இடமுண்டு, வென்றவனுக்கோ படைக்குச் சோறு கொண்டுவரும் வழி நீளம்.

நம்பிக்கை 3: அது தமிழருக்கும் சிங்களவருக்கும் நடந்த இனப்போர்.

உண்மை: இது இன்றைய சண்டையை அன்றைய மனிதர் மேல் ஏற்றிச் சொல்வது.

மகிந்தன் அநுராதபுரத்தை விட்டு உரோகணத்துக்கு ஓடியது சோழர் வருவதற்கு முன்பே. வரி வசூலாகவில்லை, கூலிப்படைக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. சொந்தப் படையே அரண்மனையைச் சூழ்ந்துகொண்டது. வலுவிழந்த அந்த அரசின் மேல்தான் சோழர் பாய்ந்தார்கள்.

அதற்குப்பின் உரோகணத்தில் ஆட்சி நடத்தியவர்களைப் பாருங்கள். ஒருவன் பாண்டிய குலத்து விக்கிரமபாண்டியன். இன்னொருவன் சகதிபாலன், அயோத்தியிலிருந்து வந்தவன் என்கிறது சூளவம்சம். முதலாம் இராசாதிராசனின் மெய்க்கீர்த்தியும் இலங்கையில் வீழ்த்திய மன்னர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பாண்டியனையும் கன்னோசியிலிருந்து வந்த ஒருவனையும் சேர்த்துச் சொல்கிறது. இரு தரப்பு ஆவணமும் ஒத்துப்போகும் இடம் இது. முடி இழந்த இளவரசர்களெல்லாம் வந்து சேர்ந்த நாடாக இருந்திருக்கிறது நம் ஊவா.

சோழரை வெளியேற்றிய முதலாம் விசயபாகு 1055இல் உரோகணத்தில் தலையெடுத்தான். உள்ளூர்ப் போட்டியாளர்களை அடக்கிய பிறகே அவனால் வடக்கே போக முடிந்தது. 1070இல் பொலன்னறுவை அவன் கைக்கு வந்தது. தன் தங்கை மித்தாவை அவன் மணமுடித்துக் கொடுத்தது ஒரு பாண்டிய இளவரசனுக்கு. மாமன்னன் முதலாம் பராக்கிரமபாகு அந்தப் பாண்டியனின் பேரன். விசயபாகுவின் படையில் தமிழ் பேசிய வேளைக்காரர் இருந்தார்கள். ஒருமுறை அவனுக்கு எதிராகக் கலகமும் செய்தார்கள். பிற்காலத்தில் பொலன்னறுவையின் புனிதத் தந்தக் கோயிலைக் காக்கும் பொறுப்பையும் அவர்களே ஏற்றார்கள். அதைத் தமிழில் பொறித்த கல் இன்றும் அங்கே நிற்கிறது.

நம்பிக்கை 4: மொனராகலை வெறும் காடு, வெள்ளைக்காரன் வந்த பிறகுதான் ஊரானது.

உண்மை: சோழர் வருவதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே மலைபோன்ற சிலைகள் செதுக்கப்பட்டன.

ஒக்கம்பிட்டியவுக்குப் பக்கத்தில் மாளிகாவில இருக்கிறது. நின்ற கோலத்தில் உள்ள புத்தர் சிலை 11 மீற்றருக்கு மேல் உயரம். சுண்ணாம்புப் பாறையில் ஒரே கல்லில் செதுக்கியது. 7ஆம் நூற்றாண்டில் உரோகணத்தை ஆண்ட அக்கபோதி இளவரசன் காலத்தது என்று கருதப்படுகிறது. அருகே தம்பேகொடையில் ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்தில் அவலோகிதேசுவரர் நிற்கிறார். மகாயான பௌத்தம் இந்தக் காட்டோரத்தில் செழித்திருந்ததற்கு அவரே சாட்சி. இரண்டு சிலைகளும் நெடுங்காலம் கீழே விழுந்து கிடந்தன. புதையல் தேடியவர்கள் போதிசத்துவரைத் துண்டு துண்டாக உடைத்துவிட்டார்கள். 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் தொல்லியல் துறை அவற்றை நிமிர்த்தியது.

மொனராகலை நகருக்கு அருகே கலபெத்தையில் கருங்கல்லால் கட்டிய அரச குளம் இருக்கிறது. பராக்கிரமபாகுவை எதிர்த்து நின்ற சுகலாதேவியின் தலைநகரான உத்துந்தொர இதுதான் என்று ஆய்வாளர் அடையாளம் காண்கிறார்கள். புனிதத் தந்தத்தையும் பிச்சைப் பாத்திரத்தையும் தன்னிடம் வைத்துக்கொண்டு, பொலன்னறுவையின் மிகப் பெரிய அரசனோடு ஒரு பெண் போரிட்ட மண் இது. பராக்கிரமபாகுவும் சிங்கள மன்னன், சுகலாவும் சிங்கள அரசி. எல்லை நாட்டை அடக்க முயன்றது சோழர் மட்டுமல்ல என்பதற்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

இந்த ஊர் காடானதற்கும் ஒரு காரணம் உண்டு. 1817இல் இந்தப் பகுதியை உள்ளடக்கிய வெல்லஸ்ஸவில் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. ஆளுநர் பிரவுன்றிக்கின் படை வயல்களை எரித்தது, கால்நடைகளைக் கொன்றது, குளங்களைச் சிதைத்தது. கிளர்ச்சியின் தலைவர் கெப்பெட்டிப்பொல 1818 நவம்பர் 26இல் கண்டியில் தலைவெட்டப்பட்டார். அந்தக் கிளர்ச்சி அரசனாக முன்னிறுத்திய வில்பாவே, கண்டி நாயக்க அரச குடும்பத்துத் துரைசாமி என்று தன்னைச் சொல்லிக்கொண்டவன். மதுரையோடு உறவுள்ள குலத்துப் பெயரின் கீழ் சிங்கள விவசாயிகள் அணிதிரண்டார்கள். வெள்ளைக்காரன் காட்டை நாடாக்கினான் என்பவர்கள், நாட்டைக் காடாக்கியவன் யார் என்பதையும் சொல்ல வேண்டும்.

நம்பிக்கை 5: நாங்கள் சோழரின் வாரிசுகள், அதனால் இந்த மண் எங்களுக்கு உரியது.

உண்மை: மலையகத் தமிழர் யாரும் சோழப்படையோடு வந்தவர்கள் அல்ல. நம் முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்கும் இறப்பருக்கும் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்தார்கள். பஞ்சமும் கடனும் துரத்த, கங்காணியின் சொல்லை நம்பி, மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்து மலையேறினார்கள். வழியில் காய்ச்சலுக்கும் பசிக்கும் செத்தவர்கள் ஏராளம். மும்முடிச் சோழமண்டலத்தின் அதிகாரிகள் யாரும் இப்படி வரவில்லை.

இந்த உண்மையைச் சொல்வதால் நம் உரிமை குறைந்துவிடாது. 1948இன் குடியுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்துக் கப்பலேற்றியது. 2003இல் கொண்டுவந்த சட்டத்தோடுதான் அந்தக் கணக்குப் பெருமளவு தீர்ந்தது. குடியுரிமையை நமக்கு மீட்டுக் கொடுத்தது இராசேந்திரனின் வாள் அல்ல. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த, பால் வெட்டிய உழைப்பும் விடாத போராட்டமுமே அதைத் தந்தன. பேரரசின் வாரிசு என்று நாம் சொல்லிக்கொண்டால், நம் பாட்டன் பாட்டி பட்ட பாட்டை நாமே மறைத்துவிடுகிறோம். அண்டை வீட்டாருக்கும் நம்மைப் படையெடுத்து வந்தவர்களாகப் பார்க்க ஒரு சாக்கைக் கொடுத்துவிடுகிறோம்.

ஊவாவின் தமிழ்ப் பாடசாலைகளிலிருந்து கதிர்காமத்துக்குச் சுற்றுலாப் போகும் பேருந்துகள் பல புத்தலை வழியாகத்தான் போகின்றன. ஆசிரியர்கள் அந்த வழியில் மாளிகாவிலவிலும் பிள்ளைகளை இறக்கிவிட வேண்டும். மொனராகலைப் பிள்ளைகளைக் கலபெத்தைக்கும் கூட்டிப்போக வேண்டும். பாண்டியன் முடியையும் சுகலாவின் போரையும் துரைசாமியின் பெயரையும் அங்கேயே சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்த மாகாணத்தின் வரலாறு முழுவதும் இங்கே வாழ்கிற எல்லோருக்கும் சொந்தம். அதைத் தெரிந்து வளரும் பிள்ளையை யாரும் வந்தேறி என்று சொல்லி வாயடைக்க முடியாது.